சிஜிபிஏ-வை வெளிநாட்டு கிரேடாக மாற்றுவது எப்படி: கையால் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

என் சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி, பத்துக்கு 7.62. ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பித்த வருடம், இந்த 7.62-க்கு மூன்று இடத்தில் மூன்று ஜெர்மன் கிரேடு வந்தது (அங்கே எண் குறைய குறையத்தான் கிரேடு நல்லது). ஒரு கல்வி ஆலோசனை நிறுவனம் 2.3 என்றது. நண்பன் அனுப்பிய எக்செல் ஷீட் 2.4 காட்டியது. நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் 2.7 என்று எழுதி, 2.5-க்குள் இருக்கவேண்டும் என்ற விதியைக் காட்டி நிராகரித்துவிட்டது. மூன்று பேரும் பயன்படுத்தியது ஒரே சூத்திரம். அப்படியிருந்தும் விடை ஏன் மாறியது என்று புரிந்துகொள்வதற்குள் எனக்கு ஒரு செமஸ்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு ஜூனியர்கள் பலருக்கு இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுக்கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சிக்கல் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் எது என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலும் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஜெர்மனி போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் அங்கேதான் இந்த மாற்றம் நேரடியாக சீட்டைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, இலங்கைப் பட்டம் எல்லாம் பின்னால் வருகிறது.

முதலில்: மாற்றப்போவது யார்?

கணக்கில் இறங்குவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவேண்டும். நீங்கள் போடும் கணக்கு உங்களுக்காகத்தான்: எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம், எதற்குப் பணம் கட்டுவது வீண் என்று தெரிந்துகொள்ள. அதிகாரபூர்வமான மாற்றத்தைச் செய்கிறவர்கள் வேறு. ஜெர்மனியில் அது பல்கலைக்கழகமே செய்யும், அல்லது அவர்கள் சார்பில் வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு செய்யும். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் தாங்களே பார்த்துக்கொள்ளும், சில இடங்களில் வெஸ் மாதிரி மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை கேட்பார்கள். பிரிட்டனில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இந்தியாவுக்கென்று ஒரு பக்கம் இருக்கும், அதில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

ஆகவே விண்ணப்பிக்கும் கோர்ஸின் பக்கத்தைத் திறந்து, "கிரேடு மாற்றம்" பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். எதுவும் எழுதவில்லையென்றால் அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்கள். இரண்டே கேள்வி போதும்: என் பட்டத்தின் மதிப்பெண்ணை எந்த முறையில் மாற்றுவீர்கள், குறைந்தபட்ச பாஸ் எல்லையாக எதை எடுப்பீர்கள்? இரண்டாவது கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். என் ஒரு செமஸ்டர் அதில்தான் போனது.

கையில் எடுத்து வைக்கவேண்டியவை

கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், ட்ரான்ஸ்கிரிப்ட் இரண்டையும் மேஜைமேல் வையுங்கள். முன்பக்கத்தைவிட பின்பக்கம் முக்கியம். அங்கேதான் பொடி எழுத்தில் கிரேடு விளக்கம் இருக்கும்: எந்த எழுத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை மதிப்பெண்ணிலிருந்து எத்தனை வரை, எது பாஸ், எது அரியர். அங்கிருந்து நான்கு விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிஜிபிஏ, இரண்டு தசமத்தோடு. அந்த அளவுகோலின் உச்சம், நம்மூரில் பெரும்பாலும் 10. பாஸ் ஆவதற்கான குறைந்தபட்சப் புள்ளி. நீங்கள் படித்த ரெகுலேஷனின், அதாவது பாடத்திட்ட விதிமுறையின், வருடம். கடைசி இரண்டையும் பெரும்பாலானவர்கள் குறித்துக்கொள்வதே இல்லை.

ரெகுலேஷன் வருடம் எதற்கு என்று கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ரெகுலேஷனில் எஸ், ஏ, பி, சி, டி, ஈ என்று கிரேடுகள், பாஸ் ஆகும் கடைசி கிரேடான ஈ-க்கு 5 புள்ளி. 2017 ரெகுலேஷனில் ஓ, ஏ பிளஸ், ஏ, பி பிளஸ், பி என்று மாறியது, கடைசி பாஸ் கிரேடான பி-க்கு 6 புள்ளி. 2021 ரெகுலேஷனில் பி-க்குக் கீழே சி என்று ஒன்றைச் சேர்த்து அதற்கு 5 புள்ளி கொடுத்தார்கள். மூன்றிலும் பாஸ் மதிப்பெண் நூற்றுக்கு 50தான். ஆனால் அந்த 50-ஐக் குறிக்கும் புள்ளி ஒரு ரெகுலேஷனில் 5, இன்னொன்றில் 6. யுஜிசி-யின் பத்துப் புள்ளி முறையை அப்படியே பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் சி-க்கும் கீழே பி (இது B இல்லை, ஆங்கில P) என்று ஒரு பாஸ் கிரேடு இருக்கும், அதற்கு 4 புள்ளி.

இந்த 4, 5, 6 வித்தியாசம்தான் மொத்தக் கதையும்.

ஜெர்மன் கணக்கு

ஜெர்மனியில் 1.0தான் உச்சம். எண் ஏற ஏற கிரேடு இறங்கும். 1.5 வரை மிக நன்று, 2.5 வரை நன்று, 3.5 வரை திருப்தி, 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். சூத்திரத்தின் பெயர் மாற்றியமைத்த பவேரிய சூத்திரம். பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான்:

ஜெர்மன் கிரேடு = 1 + 3 × (உச்சம் − உங்கள் மதிப்பு) ÷ (உச்சம் − பாஸ் எல்லை)

இது என்ன செய்கிறது என்று பார்த்தால் எளிது. உங்கள் ஊரில் பாஸ் எல்லையிலிருந்து உச்சம் வரை ஒரு கோடு. ஜெர்மனியில் 4.0-லிருந்து 1.0 வரை ஒரு கோடு. முதல் கோட்டில் நீங்கள் நிற்கும் இடத்தை இரண்டாவது கோட்டில் அதே விகிதத்தில் வைக்கிறார்கள். அவ்வளவுதான். ஆகவே கோடு எங்கே தொடங்குகிறது என்பது மாறினால் நீங்கள் நிற்கும் இடமும் மாறும்.

என் 7.62-ஐ வைத்தே போட்டுப் பார்க்கலாம். உச்சம் 10, ஆகவே மேலே 10 − 7.62 = 2.38.

பாஸ் எல்லை 5 என்றால் கீழே 5. 2.38 ÷ 5 = 0.476. மூன்றால் பெருக்கினால் 1.428. ஒன்றைக் கூட்டினால் 2.428.

பாஸ் எல்லை 6 என்றால் கீழே 4. 2.38 ÷ 4 = 0.595. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.785.

பாஸ் எல்லை 4 என்றால் கீழே 6. விடை 2.19.

ஜெர்மன் வழக்கப்படி முதல் தசமத்தை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவார்கள். ரவுண்ட் செய்யமாட்டார்கள், அதனால் 2.785 என்பது 2.8 ஆகாது, 2.7 ஆகும். இது நமக்குச் சாதகம். ஆக ஒரே 7.62-க்கு 2.1, 2.4, 2.7 என்று மூன்று விடை. நண்பனின் எக்செல் ஷீட்டில் எல்லை 5. நான் படித்தது 6 புள்ளியில் பாஸ் ஆகும் ரெகுலேஷன், பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொண்டது. அவர்கள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை, என் ட்ரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் இருந்ததைத்தான் எடுத்தார்கள்.

ஆலோசனை நிறுவனத்தின் 2.3 எப்படி வந்தது என்றால், அவர்கள் 7.62-ஐ 9.5-ஆல் பெருக்கி 72.39 சதவீதம் ஆக்கி, பாஸ் மார்க் 40 என்று போட்டிருக்கிறார்கள். இந்த 9.5 சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சிஜிபிஏ கொடுத்த காலத்தில் வந்தது. இன்ஜினியரிங் பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அண்ணா பல்கலைக்கழக முறையில் பத்தால் பெருக்குவதுதான் வழக்கம், கர்நாடகத்தின் விடியூ-வில் (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) சில ரெகுலேஷன்களுக்கு சிஜிபிஏ-விலிருந்து 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் சதவீதச் சூத்திரத்தை இன்னொரு பல்கலைக்கழகத்தின் மார்க் ஷீட்டில் போடவே கூடாது. யாராவது உங்களிடம் 9.5 என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, என் பல்கலைக்கழகம் இதை எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். பாஸ் எல்லை குறைவாக இருந்தால்தான் உங்களுக்கு லாபம். கேட்பதற்குத் தலைகீழாகத் தெரியும், 50 எடுத்தால்தான் பாஸ் என்ற கண்டிப்பான இடத்தில் படித்தவருக்கு அதிக மதிப்பு கிடைக்கவேண்டாமா என்று தோன்றும், ஆனால் சூத்திரம் அப்படிப் பார்ப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை அறிவியல் படித்தவருக்கு பாஸ் மார்க் 40. அவர் 68 சதவீதம் வாங்கியிருந்தால்: 32 ÷ 60 × 3 + 1 = 2.6. அதே 68-ஐ 50 பாஸ் மார்க் உள்ள கல்லூரியில் வாங்கியிருந்தால் 2.92, வெட்டினால் 2.9. கலைக் கல்லூரி மாணவர்கள் பலர் இன்ஜினியரிங் நண்பர்களிடம் கேட்டு 50 என்று போட்டு, தங்களுக்குக் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் பாஸ் மார்க்கை உங்கள் மார்க் ஷீட்டில்தான் பார்க்கவேண்டும்.

2.5 வேண்டும் என்று கேட்கும் கோர்ஸ்கள் நிறைய இருப்பதால், திருப்பிப் போட்ட கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தசமத்தை வெட்டும் இடங்களில் எல்லை 5 என்றால் 7.34 சிஜிபிஏ போதும். எல்லை 6 என்றால் 7.87 வேண்டும். வெட்டாமல் சரியாக 2.50 என்று பார்க்கும் இடங்களில் முறையே 7.5, 8.0. இரண்டுக்கும் நடுவில் அரைப் புள்ளி இடைவெளி. நான்கு வருடம் படித்து ஏற்றவேண்டிய அரைப் புள்ளி அது.

பாஸ் எல்லையை எழுத்தில் வாங்குங்கள்

எனக்கு நிராகரிப்பு வந்த பிறகு நான் செய்தது இதுதான். கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி அலுவலகத்துக்குப் போனேன், நாம் சிஓஇ ஆபீஸ் என்போமே அது. லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்டேன். அதில் நான்கு வரி இருந்தது: ஒவ்வொரு பாடத்திலும் பாஸ் மதிப்பெண் நூற்றுக்கு 50, கிரேடுப் புள்ளிகளின் அட்டவணை, சிஜிபிஏ-வைச் சதவீதமாக மாற்றும் அதிகாரபூர்வமான முறை, அதன்படி என் சதவீதம் 76.2. முத்திரை, கையெழுத்து, தேதி.

அடுத்த செமஸ்டரில் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு ட்ரான்ஸ்கிரிப்டோடு அந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். அவர்கள் சதவீத அளவுகோலில் போட்டார்கள்: 100 − 76.2 = 23.8, ஐம்பதால் வகுத்து மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.428. கிரேடு 2.4. சீட் கிடைத்தது.

கடிதம் இருந்தால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்லவரவில்லை. எந்த அளவுகோலை எடுப்பது என்பது அவர்கள் முடிவு, அவர்களுக்கென்று உள் அட்டவணைகள் இருக்கும். ஆனால் தகவல் கைக்கு வராவிட்டால் அவர்கள் தங்களிடம் இருக்கும் அட்டவணையைத்தான் எடுப்பார்கள், வந்தால் பார்க்க வாய்ப்பிருக்கிறது. கடிதத்தில் உண்மையைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: எல்லையைக் குறைத்து எழுதித்தரச் சொல்லிக் கல்லூரியைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். ஒரே கல்லூரியிலிருந்து வரும் இருபது விண்ணப்பங்களில் ஒன்றில் மட்டும் எண் வேறாக இருந்தால் தெரிந்துவிடும், உங்கள் பின்னால் வரும் ஜூனியர்களையும் அது பாதிக்கும்.

முடிந்தால் அதே கடிதத்திலோ தனியாகவோ, வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதையும் வாங்கிக்கொள்ளுங்கள். பவேரிய சூத்திரத்துக்கு உங்கள் வகுப்பில் யார் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது தெரியாது. 7.6 எடுத்து 120 பேரில் ஒன்பதாவதாக வந்தவரும், 7.6 எடுத்து எண்பதாவதாக வந்தவரும் அதற்கு ஒன்றுதான். மதிப்பெண்ணை இறுக்கிப் போடும் கல்லூரியில் படித்தவருக்கு இந்த ஒரு வரி பெரிய துணை.

ஜெர்மனிக்கான காகித வேலை, எந்த வரிசையில்

ஏபிஎஸ் சான்றிதழ் முதலில். 2022 நவம்பர் 1-லிருந்து இந்திய மாணவர்களின் விசாவுக்கு இது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். உங்கள் சான்றிதழ்கள் உண்மையா, படிப்பு அங்கே படிக்கத் தகுதியுள்ளதா என்று பார்ப்பதுதான் இதன் வேலை. கிரேடு மாற்றித் தருவது இதில் வராது.

அப்புறம் யூனி-அசிஸ்ட். ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பம் 75 யூரோ, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. சில பல்கலைக்கழகங்கள் விபிடி என்ற முன்-ஆய்வு ஆவணத்தைக் கேட்கும். அதில்தான் உங்கள் ஜெர்மன் கிரேடு அச்சாகி வரும். கைக்கு வந்ததும் அந்த எண்ணை நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் எந்த எல்லையை எடுத்திருக்கிறார்கள் என்று நீங்களே திருப்பிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். 5, 6, 4, 40, 50 என்று ஐந்தையும் போட்டுப் பாருங்கள், ஒன்று பொருந்தும். தவறு என்று ஆதாரத்தோடு தெரிந்தால் உடனே எழுதுங்கள். குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசித் தேதி, சர்வதேச மாஸ்டர்ஸ் கோர்ஸ்களுக்கு அதற்கும் முன்னால். ஜூலை முதல் வாரத்தில் தவறைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களைப் பட்டியலிடும் அனபின் என்ற ஜெர்மன் தளத்தில் உங்கள் கல்லூரிக்கு எச் பிளஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். பாருங்கள், ஆனால் அது கல்வி நிறுவனத்தின் அங்கீகாரத்தைக் குறிப்பது, உங்கள் மதிப்பெண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அமெரிக்கா: நாலால் பெருக்கிப் பத்தால் வகுக்காதீர்கள்

அங்கே 4.0 அளவுகோல். ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1. ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3 என்று இடையிலும் உண்டு. முதுகலை அட்மிஷனுக்கு 3.0 என்பது பல இடங்களில் குறைந்தபட்சம்.

நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, 7.2-ஐ எடுத்து 7.2 ÷ 10 × 4 = 2.88 என்று போட்டு, 3.0-க்குக் கீழே போய்விட்டது என்று மனம் உடைவது. வெஸ் மாதிரி மதிப்பீட்டு நிறுவனங்கள் இந்தக் கணக்கை இப்படிப் போடுவதில்லை. காரணம் இருக்கிறது: அமெரிக்க வகுப்பறையில் ஏ வாங்க 90-க்கு மேல் எடுக்கவேண்டியிருக்கும் இடங்கள் நிறைய, நம்மூரில் 60 எடுத்தாலே முதல் வகுப்பு என்று வைத்திருந்தோம், இரண்டையும் நேர்கோட்டில் வைத்தால் பொருந்தாது. வெஸ் போன்ற நிறுவனங்கள் பாடவாரியாகப் பார்க்கும். ஒவ்வொரு பாடத்தின் இந்திய மதிப்பெண்ணையும் ஒரு அமெரிக்க எழுத்துக் கிரேடாக மாற்றி, அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, மொத்தத்தைக் கிரெடிட்டுகளின் கூட்டுத்தொகையால் வகுக்கும்.

உதாரணத்துக்கு நான்கு பாடங்கள். நான்கு கிரெடிட் பாடத்தில் ஏ, மூன்று கிரெடிட் பாடத்தில் பி பிளஸ், இன்னொரு மூன்று கிரெடிட் பாடத்தில் பி, இரண்டு கிரெடிட் லேபில் ஏ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 16 + 9.9 + 9 + 8 = 42.9. மொத்தக் கிரெடிட் 12. வகுத்தால் 3.575, அதாவது 3.58. கிரெடிட் அதிகமுள்ள பாடத்தில் நன்றாகச் செய்திருந்தால் அது எவ்வளவு இழுத்துக்கொடுக்கிறது என்று இதிலேயே தெரியும். வெஸ் தளத்தில் இலவசமாகவே ஒரு ஜிபிஏ கால்குலேட்டர் இருக்கிறது, பணம் கட்டுவதற்கு முன் அதில் ஒரு தடவை எல்லாப் பாடத்தையும் உட்கார்ந்து ஏற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும்.

அதைவிட முக்கியம்: பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்திலேயே "மாற்றாதீர்கள், உங்கள் ட்ரான்ஸ்கிரிப்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்" என்று சொல்லிவிடும். அப்படிச் சொன்னால் 7.2 என்று எழுதி, அளவுகோல் 10 என்று தேர்ந்தெடுங்கள். அங்கே நீங்களாகப் போட்ட 3.4-ஐ எழுதினால், ட்ரான்ஸ்கிரிப்ட் வரும்போது பொருந்தாது.

கனடாவுக்குக் குடியேற எடுக்கும் இசிஏ அறிக்கையை இதோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். உங்கள் பட்டம் கனடாவில் எந்த நிலைப் பட்டத்துக்குச் சமம் என்பதுதான் அங்கே கேள்வி. அட்மிஷனுக்கு ஜிபிஏ வேண்டுமென்றால் பாடவாரி மதிப்பீடு தனி.

பிரிட்டன், ஆஸ்திரேலியா

பிரிட்டனில் 70 எடுத்தால் முதல் வகுப்பு. 60-லிருந்து 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்நிலை, அவர்கள் டூ-ஒன் என்பார்கள். 50-லிருந்து 59 வரை டூ-டூ. அதற்குக் கீழே 40 வரை மூன்றாம் வகுப்பு. அங்கே 80 எடுப்பவர் அபூர்வம், ஆகவே உங்கள் 76-ஐ அவர்களின் 76 என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், அவர்களும் எண்ணுவதில்லை. நீங்களே சூத்திரம் போடுவதற்கு இங்கே வேலையே இல்லை. பல்கலைக்கழகத்தின் இந்தியப் பக்கத்தைத் திறந்தால் டூ-ஒன்-க்கு எத்தனை சதவீதம், எத்தனை சிஜிபிஏ என்று எழுதியிருப்பார்கள். சில இடங்களில் நீங்கள் படித்த கல்லூரியைப் பொறுத்து அந்த எண் மாறும். அந்தப் பட்டியலைக் கடைசி வரை படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஏழு புள்ளி அளவுகோல் பரவலாக இருக்கிறது: ஹை டிஸ்டிங்ஷன் 7, டிஸ்டிங்ஷன் 6, கிரெடிட் 5, பாஸ் 4. நம்மூர் டிஸ்டிங்ஷன் வேறு, அவர்கள் டிஸ்டிங்ஷன் வேறு. சிவி-யில் வெறுமனே "டிஸ்டிங்ஷன்" என்று எழுதாமல் எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இலங்கைப் பட்டத்தோடு போகிறவர்கள்

இலங்கை அரசுப் பல்கலைக்கழகங்களில் 4.00 ஜீபிஏ. வழக்கமான அட்டவணையில் 70-லிருந்து 84 வரை ஏ, 4.0 புள்ளி. 85-க்கு மேல் ஏ பிளஸ், அதற்கும் 4.0தான். 65-லிருந்து ஏ மைனஸ் 3.7, 60-லிருந்து பி பிளஸ் 3.3, 55-லிருந்து பி 3.0, 40-லிருந்து சி 2.0. முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.30, கீழ்நிலைக்கு 3.00. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 72 மதிப்பெண் எடுத்தவருக்கு யாழ்ப்பாணத்தில் நாலுக்கு நாலு. அதே 72-க்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ரெகுலேஷன் அட்டவணையில் பத்துக்கு எட்டு. மதிப்பெண்ணும் புள்ளியும் நேராக ஓடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜெர்மன் கணக்குக்கு உச்சம் 4.0, எல்லை 2.0 என்று எடுத்தால் 3.30 என்பது 0.7 ÷ 2 × 3 + 1 = 2.05, வெட்டினால் 2.0. 3.00 என்பது சரியாக 2.5. பெறுபேற்றுத் தாளில் புள்ளி அட்டவணை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 4.0 என்று பார்த்ததும் வெளியில் இருப்பவர்கள் அமெரிக்க முறை என்றே எடுத்துக்கொள்வார்கள். மதிப்பெண் எல்லைகள் இரண்டுக்கும் வேறு.

ஒரே எண், வேறு வேறு அர்த்தம்

நெதர்லாந்திலும் பத்துப் புள்ளிதான், ஆனால் அங்கே 8 எடுப்பது பெரிய விஷயம், 9, 10 எல்லாம் எப்போதாவதுதான் விழும். நம்மூர் 8-ஐ அங்கே 8 என்று எழுதவே கூடாது. பிரான்ஸில் இருபதுக்கு, 10 பாஸ், 16 எடுத்தால் மிக நன்று. இத்தாலியில் பாடத்துக்கு முப்பது, 18 பாஸ், பட்டத்துக்கு 110. ஆஸ்திரியாவில் 1 உச்சம், 5 ஃபெயில். பக்கத்திலேயே சுவிட்சர்லாந்தில் 6 உச்சம், 4 பாஸ், 1 அடிமட்டம். சுவிஸ் சான்றிதழில் 5.5 என்று பார்த்துவிட்டு ஜெர்மன் கண்ணோடு பதறவேண்டாம், அது நல்ல கிரேடு.

திரும்பி இந்தியா வருகிறவர்களுக்கு எதிர்த்திசைச் சிக்கல். வேலை விண்ணப்பத்தில் சதவீதம் கேட்கும், உங்களிடம் 1.7 இருக்கும். சூத்திரத்தைத் திருப்பினால், எல்லை 50 என்று வைத்து, 0.7 ÷ 3 × 50 = 11.67, நூறிலிருந்து கழித்தால் 88.3 வரும். ஆனால் இது நீங்கள் போட்ட எண், யாரும் சான்றளித்தது இல்லை. கட்டத்தில் எண்தான் எழுதமுடியும் என்றால் விண்ணப்பம் பெறுகிறவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், டிப்ளோமா சப்ளிமென்டை இணையுங்கள். அதில் ஜெர்மன் கிரேடு முறையின் விளக்கம் இருக்கும், பல இடங்களில் எத்தனை சதவீத மாணவர்கள் எந்த கிரேடு எடுத்தார்கள் என்ற அட்டவணையும் இருக்கும்.

விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது

சிவி-யில், எஸ்ஓபி-யில் (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கட்டுரை), ஆன்லைன் படிவத்தில், எங்கே எழுதினாலும் மூல எண்ணை முதலில் எழுதுங்கள்: சிஜிபிஏ 7.62, அளவுகோல் 10, பாஸ் எல்லை இவ்வளவு. மாற்றிய எண்ணையும் எழுத விரும்பினால் அடுத்த வரியில், இது என் மதிப்பீடு, மாற்றியமைத்த பவேரிய சூத்திரப்படி, இந்த எல்லையை வைத்துப் போட்டது என்று சொல்லி எழுதுங்கள். ஒரு வரிதான், ஆனால் படிக்கிறவர் உங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளமுடியும்.

நீங்கள் இப்போது கடைசி செமஸ்டரில் இருக்கிறீர்கள் என்றால், ப்ரொவிஷனல் சான்றிதழ் வாங்கப் போகும் அதே நாளில் சிஓஇ ஆபீஸில் மூன்று விண்ணப்பங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்: பின்பக்கம் கிரேடு விளக்கம் அச்சான ட்ரான்ஸ்கிரிப்ட் ஐந்து பிரதி, மூடி முத்திரையிட்ட உறைகளில், பாஸ் எல்லையும் சதவீத முறையும் சொல்லும் கடிதம், வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற கடிதம். ஊரைவிட்டுப் போன பிறகு இதற்காக ஒரு நண்பனை லீவு போடவைத்து அந்த ஜன்னல் முன்னால் நிறுத்தவேண்டியிருக்கும். எனக்காக ஒருவன் அப்படி இரண்டு நாள் நின்றான்.